கைராசிக்காரி

எனக்குக் கைராசி உண்டு என்று எங்கள் வீட்டில் ஒரு பேச்சு. அம்மா பனை ஓலைப் பெட்டி பின்னுவாள். புது வேலை எதுவானாலும் முதல் ஓலையை நான்தான் மடித்துக் கொடுக்க வேண்டும். அப்படித் தொடங்கிய பெட்டிகள் வல்லக்கோட்டைக் கிருத்திகைக் கூட்டத்தில் மிச்சமில்லாமல் விற்றுப் போயிருந்தன. பள்ளிவிட்டு வந்ததும் நானும் உட்கார்ந்து பின்னுவேன். ஒன்பது வயதில் எனக்கிருந்த திமிருக்கெல்லாம் இதுதான் காரணம்.

தொண்ணூற்றொன்றில் பிள்ளைப்பாக்கத்து எங்கள் வீட்டுக்கு ஒரு வெள்ளைக்காரம்மா வந்தார். தன் நாட்டில் சின்னதாகக் கடை வைத்திருந்தவர். தரகர் வேண்டாம், செய்கிறவர்கள் கையிலேயே நியாயமான விலையைக் கொடுப்பேன் என்று ஊர் ஊராகச் சுற்றிக்கொண்டிருந்தார். அழைத்து வந்தது மெட்ராஸில் வேலை பார்த்த என் மாமா. அந்த ஆர்டர் கிடைத்தால் அம்மா வீட்டிலேயே இருக்கலாம். கிடைக்காவிட்டால் தம்பியை என்னிடம் விட்டுவிட்டுச் செங்கல் சூளைக்குப் போக வேண்டும். மேஸ்திரி ஏற்கெனவே வந்து பேசிவிட்டுப் போயிருந்தார்.

பிள்ளைகள் கைபட்ட எதையும் வாங்குவதில்லை என்பதில் அந்தம்மா கறாராக இருந்தார். மாமா அதை அம்மாவிடம் மட்டும் சொல்லியிருக்கிறார். என் மடியில் பாடப் புத்தகத்தைத் திணித்துத் தலை நிமிரக் கூடாது என்றார். தன் மகளைவிட நான் நன்றாகப் பின்னுவது மாமாவுக்குப் பொறுக்கவில்லை என்று நானாக முடிவுகட்டிக்கொண்டேன்.

அந்தம்மா பெட்டிகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிடித்தவற்றைத் தனியே எடுத்து வைத்தார். பிறகு, ஒன்றைத் தன் கண்முன்னால் தொடங்கிக் காட்டச் சொன்னார். அம்மாவுக்கு வியர்த்துவிட்டது. நல்ல வேலை தொடங்குகிற நேரத்தில் பழகிய கை சும்மா இருக்குமா? ஓலையை எடுத்தவள் யோசிக்காமல் என் பக்கம் நீட்டிவிட்டாள்.

"மொத ஓலைய மடிச்சி குடும்மா."

மாமாவின் முகம் வெளிறியது. அவசர அவசரமாக ஆங்கிலத்தில் ஏதேதோ சொன்னார். அந்தம்மா அவரைப் பார்க்கவே இல்லை. என் எதிரில் உட்கார்ந்து என் விரல்களைப் பிரித்துப் பார்த்தார். ஓலை கிழித்த கீறல்களும் சாயமேறிய நகங்களும் நன்றாகத் தெரிந்தன. மெதுவாக ஏதோ கேட்டார்.

"நீயும் பின்றியான்னு கேக்குது. இல்லன்னு சொல்லு," என்றார் மாமா.

அம்மாவைப் பார்த்தேன். நீட்டிய ஓலையை அவள் தன் மடிக்கே இழுத்துக்கொண்டிருந்தாள். ஆர்டர் கைநழுவுகிறது என்று மட்டும் எனக்குத் தெரிந்தது. இந்த நேரத்தில் இல்லை என்று சொல்ல எனக்கென்ன பைத்தியமா? புத்தகத்தைத் தள்ளிவிட்டு ஓலைகளை இழுத்துப் போட்டேன். அவ்வளவு வேகமாக நான் அதற்கு முன் பின்னியதில்லை. அடிப்பகுதி முடிந்து பக்கங்கள் எழும்பும்வரை தலை நிமிரவில்லை. நிமிர்ந்தபோது அந்தம்மாவின் கண்கள் கலங்கியிருந்தன. என் திறமையைப் பார்த்துத்தான் என்று பூரித்துப்போனேன்.

அவர் என் தலையைத் தடவிக்கொடுத்தார். எடுத்து வைத்திருந்த பெட்டிகளையெல்லாம் மறுபடி பாயில் அடுக்கினார். ஒன்றுகூட வாங்காமல் காரில் ஏறிப் போனார்.

அம்மா என்னை அடிக்கவில்லை. "உம்மேல தப்பில்ல," என்று மட்டும் சொன்னாள். அடுத்த வாரமே சூளைக்குக் கிளம்பிவிட்டாள்.

எனக்கு அவமானமாக இருந்தது. அவசரத்தில் ஒரு மூலை கோணிப் போயிருந்தது. அதனால்தான் அவர் வாங்கவில்லை என்று நம்பினேன். பள்ளிக்கூடம் நின்றுபோனதால் எனக்கு நாள் முழுக்க நேரம் இருந்தது. தம்பியைத் தூளியில் போட்டுக் காலால் ஆட்டிக்கொண்டே, அந்தம்மா திரும்பி வந்தால் காட்டுவதற்காக, மூலை கோணாமல் பின்னிப் பின்னிப் பழகினேன்.