மூடாமல் நின்ற கார்

ஆயுத பூஜைக்கு முன்பு எங்கள் பட்டறையில் ஒரு வழக்கம் உண்டு. மூடாமல் நிற்கும் ஒவ்வொரு பொருளுக்கும் புதுப் பெயிண்ட் அடித்துவிடுவார்கள். லேத், டிரில்லிங் மெஷின், தண்ணீர்த் தொட்டியின் இரும்புக் கால்கள் என எதுவும் தப்பாது. பெயிண்ட் படக் கூடாத பொருளின்மேல் ஒரு சாக்கைப் போட்டுவைத்தால் போதும். அதை யாரும் தொடமாட்டார்கள். யாரும் யாரிடமும் கேட்பதில்லை. கணபதிப் பகுதியில் அப்பா பட்டறை தொடங்கிய நாளிலிருந்து இப்படித்தான். எனக்கு இது தெரியாது என்று நான் சொல்ல முடியாது.

பட்டறையின் மூலையில், பருத்தி உறைக்குள், அப்பாவின் பழைய அம்பாசிடர் நின்றது. நான்கு வருட ஞாயிற்றுக்கிழமைகளில் அதன் என்ஜினையும் பிரேக்கையும் பிரித்துக் கோத்தவர், பெயிண்டை மட்டும் தொடவில்லை. அது கார் பிறந்தபோது தொழிற்சாலையில் அடித்த முதல் பெயிண்ட், மோர் நிறம். பானெட்டில் மயிரிழை வெடிப்புகள் ஓடின. கூரையில் தேய்ந்துபோய் அடியிலிருந்த சாம்பல் பூச்சு தெரிந்தது. ஓட்டுநர் கதவின் கைப்பிடிக்குக் கீழே, எத்தனையோ விரல்நகங்கள் உரசியதில், பிறை வடிவத்தில் ஒரு தழும்பு. டிங்கரிங் வேலைக்காரர்கள் வந்து பார்த்து, சுரண்டிப் பட்டி பார்த்து புதிதாக அடித்துவிடலாம் என்றபோதெல்லாம் அப்பா ஒரே பதிலைச் சொன்னார்.

“புதுசு எப்ப வேணா அடிச்சுக்கலாமுங்க. இது ஒருக்காப் போனா போனதுதானுங்க.”

பூஜை முடிந்து இரண்டாவது ஞாயிறு, பழைய கார்களின் கண்காட்சி ஒன்றில், முதல் பெயிண்ட் மாறாத வண்டிகளின் வரிசையில் நிறுத்த அவருக்கு இடம் கிடைத்திருந்தது. இடம் கிடைத்த செய்தியை அவர் அம்மாவிடம் மூன்று முறை சொன்னார்.

நான் முதுகலை இலக்கியம் படிக்கிறேன். பூஜை விடுமுறைக்கு வந்திருந்தேன். பூஜைக்கு இரண்டு நாள் முன்பு, மாலையில், காரின் உறையைத் தூக்கிப் பார்த்தபோது அதன் உட்புறத்தில் நுண்ணிய இரும்புத் தூள் படிந்திருந்தது. உறையை இழுக்கும் ஒவ்வொரு முறையும் அந்தத் தூள் பெயிண்டைக் கீறும். தெரிந்த பிறகு அதை அப்படியே விட என்னால் முடியவில்லை. உறையைச் சுருட்டி வீட்டுக்கு எடுத்துச் சென்று துவைத்து, மாடியில் காயப்போட்டேன். காலையில் கொண்டுவந்து போர்த்திவிடலாம் என்று நினைத்தேன். யாரிடமும் சொல்லவில்லை. நான் பொதுவாகவே அதிகம் பேசுவதில்லை.

கனத்த துணி காலையில் காயவில்லை. பூஜைக்கு வாங்கிய பொரியை மட்டும் எடுத்துக்கொண்டு, பதினொரு மணிக்குப் பட்டறைக்குள் நுழைந்தேன்.

கார் பச்சையாக இருந்தது.

லேத்துக்கு அடிக்கும் அதே பச்சை. என் கையிலிருந்த பொரிப் பையைக் கீழே வைத்தேன்; எந்த இடத்தில் வைத்தேன் என்பதுகூட நினைவிருக்கிறது. எதிரே நின்ற பொருள் மட்டும் சிறிது நேரம் எனக்குக் காராகவே தெரியவில்லை. பம்பரையும் கைப்பிடிகளையும் செய்தித்தாள் ஒட்டி அழகாக மறைத்திருந்தார்கள். ஒரு சொட்டுக்கூட வழியவில்லை. அவ்வளவு கவனமான வேலை.

போர்மேன் அண்ணன் பிரஷ்ஷோடு நிமிர்ந்தார். “வாங்க அம்மணி. மாப்பிள்ளையாட்ட நிக்குது பாருங்க.”

டிரில்லிங் மெஷினில் வேலை செய்யும் அக்கா பானெட்டின் மறுபக்கத்திலிருந்து சொன்னார்: “பச்சைச் சட்டை போட்ட மாப்பிள்ளைக்கு எவ பொண்ணு குடுப்பா? கூரைக்கு நானாச்சும் வெள்ளி கலர் அடிக்கறேன்னா உடமாட்டீங்கறாரு.”

“நேத்துச் சாயந்தரம் தொறந்து நின்னுச்சுங்க,” என்றார் அண்ணன். “முதலாளி ஒருவழியா மனசு மாறிட்டாருன்னு நெனச்சேன். இடது பக்கம் நேத்தே முடிச்சுப்போட்டேன். மிச்சம் இப்பத்தான்.”

“அப்பா சொல்லலைங்ண்ணா,” என்றேன்.

அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. பிரஷ்ஷை டப்பாவின் மேல் குறுக்கே வைத்தார். பிறகு அலமாரிக்கு ஓடி தின்னர் கேனைத் தூக்கிவந்து, துணியில் ஊற்றப் போனார்.

“தின்னர் வேண்டாம்!”

அது என் குரல் என்று எனக்கே உடனே புரியவில்லை. அண்ணனின் கை அப்படியே நின்றது. அந்தக் காலத்துப் பெயிண்ட் தின்னர் பட்டால் கரைந்துவிடும் என்று அப்பா எப்போதோ யாரிடமோ சொன்னதை நான் கேட்டிருக்கிறேன். பச்சையோடு மோர் நிறமும் சேர்ந்து போயிருக்கும். “டர்பன்டைன் எடுங்க,” என்றேன். அது ஈரமாக இருக்கும் பச்சையை மட்டும் எடுக்கும்.

பனியன் வேஸ்ட் துணியை டர்பன்டைனில் நனைத்து மூவரும் துடைத்தோம். வலது கதவில் பச்சை கலங்கி, வழிந்து, துணியில் ஏறியது. அடியிலிருந்து மோர் நிறம் வந்தது. கைப்பிடிக்குக் கீழே பிறைத் தழும்பு வந்தபோது அக்கா, “வந்துருச்சு கண்ணு, வந்துருச்சு,” என்றார். பானெட்டின் வெடிப்புகளுக்குள் மட்டும் பச்சை இறங்கி நின்றுவிட்டது. இலை நரம்புகள்போல அது இப்போதும் தெரிகிறது.

இடது பக்கத்துக்குப் போனோம். துடைத்தேன். துணி வெள்ளையாகவே இருந்தது. இன்னும் அழுத்தித் துடைத்தேன். இரவெல்லாம் காய்ந்த பெயிண்ட் அசையவில்லை. உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் பச்சையும் மோர் நிறமும் சேர்ந்தே வரும் என்று அண்ணன் மெல்லச் சொன்னார்.

முந்தின நாளே பல்லடத்துக்குத் தறி உதிரிபாகம் கொடுக்கப் போயிருந்த அப்பா நான்கு மணிக்கு வந்தார். வலது பக்கமாகத்தான் உள்ளே வந்தார். டர்பன்டைன் வாசத்துக்கு முகம் சுளித்தார். பிறகு காரைச் சுற்றிக்கொண்டு போனார்.

“ஏனுங்க,” என்றார் போர்மேனிடம். “இது என்னங்க?”

“கேக்காம அடிச்சுப்போட்டேனுங்க. எம்மேலதான் தப்பு.”

“நானுந்தானுங்க பிரஷ் புடிச்சேன்,” என்றார் அக்கா.

கேட்க வேண்டிய தேவை அந்தப் பட்டறையில் யாருக்கும் இருந்ததில்லை என்பது அங்கிருந்த நால்வருக்கும் தெரியும். “உறைய எடுத்தது நான்ப்பா,” என்றேன். “துவைக்க எடுத்துட்டுப் போனேன். உள்பக்கம் இரும்புத் தூள் இருந்துச்சு. பெயிண்ட்டக் கீறும்னு...”

“கீறும்னு,” என்று அவர் திருப்பிச் சொன்னார். அதில் கோபம் இல்லை. கோபத்துக்கு வந்து சேர அவருக்கு இன்னும் நேரம் ஆகும்போலிருந்தது. இடது மட்கார்டின் மேல் உள்ளங்கையை வைத்து, எடுத்து, கையைப் பார்த்தார். கை சுத்தமாக இருந்தது. பிறகு வாசலுக்குப் போய்க் கண்காட்சிக்காரர்களுக்குப் போன் செய்தார்.

“வண்டி வராதுங்க. இல்லீங்க, ஓடுதுங்க. நல்லா ஓடுதுங்க. வராதுங்க.”

மறுநாள் பூஜை. கற்பூரம் காட்டி முடித்து, அக்கா சந்தனக் கிண்ணத்தோடு ஒவ்வொரு மெஷினுக்கும் பொட்டு வைத்துக்கொண்டு வந்தார். காரின் முன்னால் வந்ததும் அவர் கை நின்றது. அப்பாவைப் பார்த்தார்.

“பச்சையில வைங்க,” என்றார் அப்பா.

எனக்கு அடுத்து நின்ற போர்மேன் அண்ணன் தலையைக் குனிந்துகொண்டார். அக்கா இடது பக்கம் போய் மூன்று பொட்டு வைத்தார். உலர்ந்த உறையை மடித்துக் கையில் பிடித்தபடி நான் நின்றிருந்தேன். அதன் உட்புறத்தில் ஒரு தூள்கூட இல்லை.