அம்மாவிடம் பால் குடித்த இன்னொருத்தி

மகள் விஞ்ஞானப் பாடத்தைச் சத்தமாக வாசித்துக்கொண்டிருந்தாள். "பாலூட்டிகள் தமது குட்டிகளுக்குப் பாலூட்டும்." 'தமது' என்ற சொல்லில் என் மனம் போய்ச் சிக்கிக்கொண்டது.

இதே பாடத்தை நான் படித்தபோது எனக்கு ஒன்பது வயது. கொழும்பு வெள்ளவத்தையில், ரயில் போகும்போதெல்லாம் யன்னல் அதிரும் ஒரு பிளாட்டில் இருந்தோம். தம்பி பிறந்து மூன்று மாதம். அம்மாவின் மடி அவனுக்குப் போனதையே என்னால் பொறுக்க முடியவில்லை. அந்த நேரம் பார்த்து, ஷெல்லடிக்குத் தப்பி யாழ்ப்பாணத்திலிருந்து சின்னம்மா கைக்குழந்தையோடு வந்து சேர்ந்தார். வழியிலேயே அவருக்குப் பால் வற்றிவிட்டது. பால்மா கரைத்துக் கொடுத்தால் குழந்தை வதனி துப்பினாள். அம்மா அவளை வாங்கித் தன் மார்போடு அணைத்துக்கொண்டார். வியர்வையும் பாலும் கலந்த அந்த வாசம் அறை முழுக்க இருந்தது.

புத்தகத்தோடு போய் அம்மாவின் முன்னால் நின்றேன்.

"தங்கட குட்டிக்குத்தான் பால் குடுக்குமாம். இது எங்கட குட்டி இல்லையே?"

வாசலில் நின்ற சின்னம்மாவின் முகம் கறுத்துப்போனது. "அக்கா, பிள்ளையைத் தாங்கோ," என்று கையை நீட்டினார்.

"பேசாமல் இரு. அவள் இன்னும் குடிச்சு முடியேல்லை," என்ற அம்மா என் பக்கம் திரும்பினார். "நீ ரெண்டரை வயசு வரைக்கும் குடிச்சனி. காணாதோ?"

"காணாது, இன்னும் வேணும்," என்று சொல்லி அழுதேன்.

வதனி இப்போது கனடாவில் இருக்கிறாள். ஞாயிறு தவறாமல் என் அம்மாவுக்குப் போன் எடுப்பாள். பெரியம்மா என்று அவள் ஒருநாளும் கூப்பிட்டதில்லை, 'அம்மா' என்றுதான் கூப்பிடுவாள். இன்றும் எடுத்தாள்.

"பிள்ளை, நீயும் ஒருக்காக் கதையன்," என்று அம்மா போனை நீட்டினார்.

அடுப்பில் கறி இருக்கிறது என்று பொய் சொல்லிவிட்டு எழும்பிப் போனேன்.