அறுந்த ஒரே இணைப்பு

அந்தப் பழைய இறுவட்டு இன்னும் என் அலுமாரியில் இருக்கிறது. தேயிலைத் தொழிற்சாலைகளுக்கான மென்பொருள் ஒன்றுக்குப் போர்க்காலத்தில் பல்லேகல அலுவலகத்தில் நாங்கள் எழுதிய கையேடு. பழைய ஆத்திரம் கிளம்பும் நாட்களில் அதைக் கணினியில் போட்டு, நீல எழுத்துகளை ஒவ்வொன்றாக அழுத்திப் பார்ப்பேன். 'பார்க்க: கொழுந்துப் பதிவு' என்றால் கொழுந்துப் பதிவிலேயே போய் நிற்கும். எல்லாம் என்னோடு வேலைசெய்த, நான் அக்கா என்று கூப்பிட்டவர் போட்ட இணைப்புகள்.

அக்கா யாழ்ப்பாணத்துக்காரர். நான் பக்கத்து ஊரான அக்குறணையிலிருந்து போய்வந்தேன். அடுத்தடுத்த கதிரைகள், ஓயாத சண்டை. நான் அத்தியாய எண்ணையும் தலைப்பையும் வைத்து இணைப்புக் கொடுத்தால் தலையில் அடித்துக்கொள்வார். "தலைப்பை நம்பாதையும் தம்பி, நாளைக்கு ஆரும் மாத்திப்போடுவினம். பகுதிக்கு மாறாத அடையாளம் ஒண்டு குடுத்து, அதுக்கு இணைப்பைப் போடும். ஒண்டை அழிக்க முந்தி, அதுக்கு எங்கயிருந்தெல்லாம் இணைப்பு வருதெண்டு தேடிப் பாரும்." எரிச்சலாக இருக்கும். ஆனால் மேலாளர் அத்தியாயங்களைக் கலைத்துப் போட்டபோதெல்லாம் அறுந்தவை என்னுடையவை மட்டும்தான்; அவற்றையும் அக்காவே திரும்பப் போட்டார்.

ஒரு காலை, யாழ்ப்பாணத்துக்காரர் என்பதால் சோதனைச்சாவடியில் அக்காவைப் பஸ்ஸிலிருந்து இறக்கிப் பிடித்து வைத்தார்கள். அலுவலக அட்டையை நீட்டியிருக்கிறார். அதிலிருந்த எண்ணுக்குப் பொலிஸார் தொலைபேசி எடுத்தார்கள். மேலாளர் எங்கள் எதிரிலேயே நின்று சிங்களத்தில் சொன்னார்: "எங்களிடம் அப்படி ஒருவரும் இல்லை." எனக்குக் கொதித்தது. "அக்காவயா தெரியாதுண்டு சொன்னீங்க?" என்று கேட்டேன். "கம்பெனி பெயர் கெட்டுப்போகும், நீ வேலையைப் பார்" என்றார். நானே பொலிஸுக்குப் போனேன். அலுவலகத்தின் சார்பில் மேலாளரே வந்து பொறுப்பேற்க வேண்டும் என்று திருப்பி அனுப்பினார்கள்.

பல வாரங்கள் கழித்துத்தான் அக்காவை விட்டார்கள். அலுவலகத்தில் கிடந்த தன் சாமான்களை எடுக்க வந்தவர், இளைத்த முகத்தோடு கதிரையில் அமர்ந்து, கையேட்டின் இணைப்புகளை முதலிலிருந்து கடைசிவரை சோதித்தார். "ஒண்டும் அறேல்லை" என்றார். மேலாளரின் அறைப்பக்கம் திரும்பாமலே போய்விட்டார். பிறகு எங்கே போனார் என்று எனக்குத் தெரியாது.

அன்று மாலையே மேலாளர், அக்காவின் பெயர் இருந்த பக்கத்தைத் தன் கையாலேயே அழித்தார். அதற்கு எங்கிருந்து இணைப்பு வருகிறது என்று தேடிப் பார்க்கும் பழக்கம் அவருக்கு இல்லை. முகப்பில் 'கையேட்டைத் தொகுத்தவர்' என்ற நீல எழுத்து அப்படியே நின்றுவிட்டது. நான் கண்டேன். சொன்னால் அந்த வரியையும் அழித்துவிடுவார் என்று வேண்டுமென்றே வாயை மூடிக்கொண்டேன். அப்படியே இறுவட்டாகி, தொழிற்சாலை தொழிற்சாலையாகப் போனது.

இன்றும் எல்லாவற்றையும் அழுத்திவிட்டு, கடைசியாக அதை அழுத்தினேன். 'நீங்கள் தேடும் பக்கம் இல்லை' என்றது. அதே பொய். அவர் இருந்தார், எனக்கு அடுத்த கதிரையில்.