பார்க்க முடியவில்லை

தூத்துக்குடியிலிருந்து பெரியதாழை வரை ஆயிரத்து நூறு வள்ளக்காரர்களின் செல்பேசிகளுக்குத் தினமும் மாலை ஐந்து மணிக்கு ஒரு குறுஞ்செய்தி போகிறது. நாளைக்குக் கடலில் காற்று எச்சரிக்கை உண்டா, இல்லையா என்பதுதான் செய்தி. அதை அனுப்பும் கணினி நிரலைப் பார்த்துக்கொள்பவர் ஜெபசுதா. வயது முப்பத்தாறு. பிறந்தது நாசரேத், குடியிருப்பது மில்லர்புரம்.

நான் அவரைப் பார்க்க அலுவலகத்துக்குப் போனபோது செல்பேசியில் கணவர் பெவினை விசாரித்துக்கொண்டிருந்தார். "பால் இல்லேன்னு கடக்கார அண்ணாச்சி சொன்னாரா, இல்ல கடையே பூட்டிக் கெடக்கா?" பூட்டிக் கிடந்ததாம். "அப்ப பால் இல்லேன்னு சொல்லாதீங்க. கேக்க முடியலன்னு சொல்லுங்க." பெவின் ஏதோ முணுமுணுத்துவிட்டு வைத்துவிட்டார்.

தொழிலில் ஒட்டிக்கொண்ட பழக்கம். எச்சரிக்கை இருக்கும் நாளில் எச்சரிக்கை வெளியிடும் அலுவலகத்தின் வெளியூர் சர்வரில் அதற்கான கோப்பு வந்து உட்காரும். இல்லாத நாளில் கோப்பும் இருக்காது. நிரல் போய்ப் பார்த்து வர வேண்டும். முன்பு இருந்தவர் எழுதிய நிரல், சர்வர் 'கோப்பு இல்லை' என்று பதில் சொன்னாலும் சரி, இணைப்பு அறுந்து பதிலே வராவிட்டாலும் சரி, பிழையை விழுங்கிவிட்டு இரண்டையும் ஒன்றாகவே எடுத்துக்கொண்டது. போன ஐப்பசியில் ஒரு மாலை இணைப்பு அறுந்தது. 'எச்சரிக்கை இல்லை' என்று செய்தி போனது. அதை நம்பிப் பெரியதாழையிலிருந்து கிளம்பிய ஜேசுதாசனின் வள்ளம் காற்றில் மாட்டி, வலையை அறுத்துவிட்டு, மணப்பாட்டில் கரையேறியது. கூடப் போன தம்பிக்குத் தோள் எலும்பு முறிந்துவிட்டது.

அடுத்த மாதம் வேலைக்கு வந்த ஜெபசுதா முதலில் திருத்தியது அதைத்தான். பதில் வராவிட்டால் நிரல் சற்றுப் பொறுத்து மறுபடி கேட்கும். அப்போதும் வராவிட்டால், 'பார்க்க முடியவில்லை. எச்சரிக்கை உண்டா இல்லையா தெரியாது' என்று அனுப்பிவிடும்.

மேலாளர் செந்தில்வேலுக்கு இது பிடிக்கவில்லை. "தெரியலன்னு சொல்லுததுக்கு எதுக்கு மேடம் ஒரு மெசேஜ்? அத்தன பேரும் போன் போட்டு என்னய வையுதான்."

"வையட்டும் சார். வைய ஆள் உசுரோட இருக்கான்லா."

நான் போயிருந்த அன்றும் சர்வர் பேசவில்லை. திரையில் சிவப்பு வரி நின்றது. செய்தி போன சற்று நேரத்தில் ஜேசுதாசனே கூப்பிட்டார்.

"ஏளா, ஒங்க கம்ப்யூட்டருக்கு என்னதான் தெரியும்?"

"இன்னிக்கு ஒண்ணுந் தெரியல அண்ணாச்சி."

"இங்கன எலகூட அசையல. எல்லாவனும் டீசல் ஊத்துதான். நேத்தும் நான் போவல. இன்னிக்கும் கரையில நின்னு வேடிக்க பாக்கவா?"

"சர்வர் வாயத் தொறக்கல. அவன் இல்லேன்னு சொல்லாம நான் இல்லேன்னு சொல்ல மாட்டேன்."

"அப்ப போவாதங்கியா?"

"அதயும் நான் சொல்லல."

ஜெபசுதா இன்னொரு செல்பேசியை எடுத்து, எச்சரிக்கை வெளியிடும் அலுவலகத்தின் எண்ணை அழுத்தினார். லைன் கிடைக்கவில்லை. திரும்ப அழுத்தினார்.

"ஐஸ் வண்டி வந்து நிக்கி" என்றார் ஜேசுதாசன். "வள்ளத்துல ஏத்திட்டா போயித்தான் ஆவணும். என்ன செய்யட்டும்?"

"லைன்லயே இருங்க அண்ணாச்சி. ஆளப் புடிச்சிக் கேட்டுச் சொல்லுதேன்."

அவர் யாரையோ பார்த்துக் கத்துவது கேட்டது: "ஏலே, வண்டியிலருந்து ஐஸ எறக்காத. அந்தப் பிள்ள கேட்டுச் சொல்லட்டும்."

ஜெபசுதா ஜேசுதாசன் காத்திருந்த செல்பேசியை மேசைமேல் வைத்து சார்ஜரைச் செருகினார். மற்றதில் மறுபடி அதே எண்ணை அழுத்தினார்.