ஏற்காத பெயர்கள்

என் வீட்டுக்காரர் ராஜசிங் கம்ப்யூட்டரோடு பழகிய கதையைச் சொல்ல உனக்கு என்ன தகுதி என்று யாரும் கேட்கலாம். அவரோடு மட்டுமல்ல, அதோடும் சேர்த்து இருபத்திரண்டு வருஷம் குடும்பம் நடத்தியிருக்கிறேன், அதுதான் தகுதி. நான் ஹெப்சிபா, அரசு ஆஸ்பத்திரியில் நர்ஸ். அவர் பட்டாசு ஆபீஸ்களுக்குப் புரோகிராம் எழுதிக் கொடுக்கிறவர். சிவகாசிப் பக்கம் பட்டாசுத் தொழிற்சாலையை ஆபீஸ் என்றுதான் சொல்வோம், மேஜை நாற்காலியை நினைத்துக்கொள்ள வேண்டாம். அவர் கற்ற கம்ப்யூட்டர் பாஷைகளை எல்லாம் எனக்குப் பெயரளவில் தெரியும், கல்யாண வீட்டில் மட்டும் பார்க்கிற சொந்தக்காரர்களைத் தெரிவதுபோல.

முதல் பாஷை பேசிக். விருதுநகரில் பத்தாம் வகுப்புப் படிக்கும்போது அவர்கள் பள்ளிக்கு ஒரே ஒரு கம்ப்யூட்டர் வந்ததாம். அதற்குத் தனி அறை, ஏசி. ஹெட்மாஸ்டர் அறைக்குள்கூடச் செருப்போடு போகலாம், அந்த அறைக்குள் போகக் கூடாது. பதினைந்து நாளுக்கு ஒரு முறை பத்து நிமிஷம் கிடைக்கும். மற்ற நாட்களில் நாற்பது பக்க நோட்டில் புரோகிராம் எழுதி, மிஷின் என்ன சொல்லும் என்று அவரே நினைத்துப் பார்த்துக்கொள்வார். முதல் தடவை தட்டியபோது இருபதாவது வரியில் பிழை என்று திரையில் வந்திருக்கிறது. காதைத் திருகாமல், வீட்டில் போய்ச் சொல்லாமல், எந்த வரி என்று மட்டும் சொன்ன முதல் வாத்தியார் அதுதான் என்பார். அந்த மயக்கத்தில் விழுந்தவர் எழுந்திருக்கவே இல்லை.

மாமனார் ஆலங்குளம் சிமெண்ட் ஆலையில் இருந்தார். மகனையும் அங்கேயே சேர்த்துவிடப் பார்த்தார். மகன் கேட்கவில்லை. மதுரைக்குப் போய்க் கோபோல் என்ற அடுத்த பாஷையைப் படித்துவிட்டு, சென்னையில் ஒரு கம்பெனியில் சேர்ந்தார். இரண்டாயிரம் பிறக்கும்போது உலகத்துக் கம்ப்யூட்டர் எல்லாம் தேதி குழம்பி நின்றுவிடும் என்று பயந்துகொண்டிருந்த காலம். ஒன்றரை வருஷம் அந்த வருஷத்தைத் திருத்துவதே அவருக்கு வேலை. ஜனவரி பிறந்தது, எங்கேயும் ஒன்றும் நடக்கவில்லை, மார்ச்சில் எல்லாரையும் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். ஒன்றும் நடக்காமல் இருந்ததுதான் நாங்கள் பார்த்த வேலை என்று மேனேஜரிடம் சொல்லிப் பார்த்தாராம். அவர் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை.

திரும்பி வந்து சிவகாசியில் ஃபாக்ஸ்புரோ என்ற பாஷை. காலண்டர் கம்பெனிகளுக்கு ஆர்டர் எழுதும் புரோகிராம், தீப்பெட்டி ஆபீசுக்குச் சரக்குப் பதிவு, பிறகு பட்டாசு ஆபீசுக்கு ஆள் வருகைப் பதிவு. அந்தச் சமயத்தில்தான் எனக்கும் அவருக்கும் கல்யாணம் ஆனது. பெண் பார்க்க வந்த அன்றைக்கே எங்கள் வீட்டு டேப் ரெக்கார்டரைப் பிரித்துச் சரிசெய்துவிட்டுப் போனார். என் முகத்தை எவ்வளவு நேரம் பார்த்தார் என்று தெரியாது.

பட்டாசு ஆபீசில் வெடிமருந்து செலுத்தும் அறைகள் ஒன்றுக்கொன்று தள்ளித் தள்ளி இருக்கும். ஒரு அறைக்குள் நாலு பேருக்கு மேல் உட்காரக் கூடாது என்பது சட்டம். தினமும் காலையில் வேனில் வந்து இறங்குகிற ஆட்களை, எந்த அறைக்கு யார் என்று கம்ப்யூட்டரில் ஏற்றுவார்கள். இவர் எழுதிய புரோகிராமில் நாலு பெயர் ஏறிய அறைக்கு ஐந்தாவது பெயரைத் தட்டினால் ஏற்காது. ஒரு சத்தம் போட்டு, சிவப்பு எழுத்தில் அறை நிறைந்துவிட்டது என்று காட்டும். ஆய்வுக்கு வந்த அதிகாரி அதைப் பார்த்துப் பாராட்டினார். ஒரு விழாவில் மேடையேற்றிப் பொன்னாடை போட்டார்கள். அது எங்கள் பீரோவில் இன்னும் இருக்கிறது.

வெம்பக்கோட்டைப் பக்கத்து ஆபீஸ் ஒன்றில் முத்துக்கருப்பன் என்று ஒரு கணக்குப்பிள்ளை. பெயர் ஏற்றுவது அவர் வேலை. ஆரம்பத்தில் தினமும் காலையில் போன் வரும், உங்கள் மிஷின் பெயரை வாங்க மாட்டேன் என்கிறது என்று. தப்பு புரோகிராமிலா, முத்துக்கருப்பன் விரலிலா என்று பார்ப்பதற்காக இவர் ஆறேழு வரி கூடுதலாக எழுதினார். ஏற்காத ஒவ்வொரு பெயரையும், அறை எண்ணையும், நேரத்தையும் தனியாக ஒரு கோப்பில் அது குறித்து வைத்துக்கொள்ளும். அப்படி ஒரு கோப்பு இருப்பது இவரைத் தவிர யாருக்கும் தெரியாது. இரண்டு மாதத்தில் போன் நின்றுவிட்டது. ஆட்கள் சட்டத்துக்குப் பழகிவிட்டார்கள் என்று இவர் அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விட்டார்.

பிறகு விஷுவல் பேசிக் வந்தது, எல்லாவற்றையும் அதில் எழுதினார். பிறகு எல்லாம் இன்டர்நெட்டில் இருக்க வேண்டும் என்றார்கள், பிஹெச்பியில் எழுதினார். பிறகு போனில் வேண்டும் என்றார்கள். ஒவ்வொரு தடவையும் அந்த ஆறேழு வரியும் பழக்கத்தில் கூடவே வந்தது. வீடு மாற்றும்போதெல்லாம் பிரிக்காத அட்டைப்பெட்டி ஒன்று கூடவே வருமே, அந்த மாதிரி.

ஐம்பது தாண்டியதும் மனிதர் ஓய்ந்துபோனார். பதினோரு கம்பெனி கையில் இருந்தது, சீசன் நேரத்தில் பல் தேய்க்கும்போதே போன் அடிக்கும். கழுத்து வலி, கண் எரிச்சல், புதிய பாஷை என்றாலே கொட்டாவி. எங்கள் மகள் ஜெபிஷா கோயம்புத்தூரில் கம்ப்யூட்டர்தான் படிக்கிறாள். இப்போதெல்லாம் வாயால் சொன்னால் அதுவே புரோகிராம் எழுதிவிடும்ப்பா என்று ஒரு நாள் சொன்னாள். நல்லது என்று சொல்லிவிட்டுத் துண்டை விரித்துப் படுத்துவிட்டார். எனக்குப் பாவமாக இருந்தது.

போன வருஷம் ஜூலையில், ஒரு செவ்வாய்க்கிழமை காலை பதினொன்றே கால் மணிக்கு, முத்துக்கருப்பன் வேலை பார்க்கும் அந்த ஆபீசில் பன்னிரண்டாம் அறை வெடித்தது. நாலு பேர் அங்கேயே போய்விட்டார்கள். எங்கள் வார்டுக்கு ஒருத்தி வந்தாள். பெயர் வள்ளித்தாய், வயது முப்பத்தெட்டு. உடம்பில் முக்கால்வாசி வெந்துபோயிருந்தது. முதல் நாள் மட்டும் நினைவு இருந்தது. கட்டுப் போடும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்.

“பன்னெண்டாம் நம்பர் ரூம்பு சிஸ்டர். லோடு போகணும்னு அஞ்சு பேரா உக்கார வச்சாக. எம் பிள்ளைககிட்ட சொல்லிருங்க.”

போலீஸ் வாக்குமூலம் வாங்க வந்தபோது பேச்சு இல்லை. நாலாம் நாள் இறந்துபோனாள். அவள் புருஷன் சீனிச்சாமி சுண்ணாம்புக்கல் லாரிக்கு லோடு ஏற்றுகிறவர். வார்டு வாசலை விட்டு நாலு நாளும் நகராமல் நின்றிருந்தார்.

ஒரு மாதம் கழித்து அவர் மறுபடி ஆஸ்பத்திரிக்கு வந்தார், எதற்கோ சான்று வாங்க. இறந்தவர்கள் நாலு பேர்தான் என்று கம்பெனி எழுதிக் கொடுத்துவிட்டதாம். வள்ளித்தாய் அன்றைக்கு வேலைக்கே வரவில்லை, யாரையோ பார்க்க வந்த இடத்தில் மாட்டிக்கொண்டாள் என்கிறார்களாம். கூட வேலை பார்த்த பெண்கள் வாயைத் திறக்கவில்லை. திறந்தால் மறுநாள் வேன் அவர்கள் தெருவில் நிற்காது. கம்ப்யூட்டர் பொய் சொல்லுமா என்று கேட்டு ஒரு காகிதத்தைக் கையில் கொடுத்து அனுப்பியிருக்கிறார்கள். அந்த ஜெராக்ஸை என்னிடம் நீட்டினார். பன்னிரண்டாம் அறை, நாலு பெயர். கீழே, சரிபார்க்கப்பட்டது என்று ஒரு கையெழுத்து. அந்தக் கையெழுத்தை எனக்குத் தெரியும். சர்ச் கல்யாணப் பதிவேட்டில் என் பெயருக்குப் பக்கத்தில் இருக்கிற கையெழுத்து அதுதான்.

அன்று சாயங்காலம் வீட்டுக்குப் போனதும் கைப்பையைக்கூடக் கீழே வைக்காமல் கேட்டேன். கம்பெனி மேனேஜர் பிரபாகரன் கேட்டார், பதிவில் இருந்ததை அச்செடுத்துக் கொடுத்தேன் என்றார். எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது.

“லிஸ்ட்ல இருக்கிற நாலு பேரும் நெசந்தான ஹெப்சி,” என்றார்.

“லிஸ்ட்ல இல்லாத ஒருத்தி எங் கையப் புடிச்சுச் சொல்லிட்டுச் செத்துப்போனா. அவ நெசமில்லையா?”

இரண்டு நாள் போனது. சாப்பிட்டார், போன் வந்தால் எடுத்தார், அவ்வளவுதான். மூன்றாம் நாள் காலை, நான் சாப்பாட்டு மேஜையில் பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தபோது லேப்டாப்பைக் கொண்டுவந்து எதிரில் வைத்தார். ஒரு கோப்பு இருக்கிறது, திறந்து பார்த்ததே இல்லை என்று அந்த ஆறேழு வரிக் கதையை அப்போதுதான் என்னிடம் சொன்னார்.

திறந்தார். அந்தச் செவ்வாய்க்கிழமை. எட்டு நாற்பத்திரண்டு, வள்ளித்தாய், அறை பன்னிரண்டு, ஏற்கவில்லை. எட்டு நாற்பத்து மூன்று, அதே பெயர், அதே அறை, ஏற்கவில்லை. எட்டு நாற்பத்து நாலு, அறை பதினாலு, ஏற்கவில்லை. அதற்கு மேல் முத்துக்கருப்பன் தட்டிப் பார்க்கவில்லை. மிஷினில் ஏறாத ஆளை நேரே பன்னிரண்டாம் அறைக்குள் அனுப்பிவிட்டார்.

அதோடு மூடியிருக்கலாம். இவர் மேலே தள்ளிக்கொண்டே போனார். திங்கள், சனி, வெள்ளி என்று நாள் பின்னால் போகப் போகப் பெயர்கள் வந்துகொண்டே இருந்தன. வள்ளித்தாய் என்று தேடினார். முந்நூற்றுப் பதினொரு இடம் என்று வந்தது. பொன்னுத்தங்கம், பாண்டிமீனா என்று எனக்குத் தெரியாத எத்தனையோ பெண்கள். பத்தொன்பது வருஷத்துக் காலைகள் அதில் இருந்தன. நான் பீன்ஸை அப்படியே விட்டுவிட்டேன்.

“போன் வரலைன்னதும் திருந்திட்டாகன்னு நெனச்சேன்,” என்றார். கண்ணாடியைக் கழற்றிவிட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

அவர்கள் திருந்தவில்லை, இவரைக் கேட்பதைத்தான் நிறுத்தியிருக்கிறார்கள். ஐந்தாவது பெயரை வாங்க மாட்டேன் என்று இவர் புரோகிராம் அடம்பிடித்தது. அதனால் ஐந்தாவது ஆள் பதிவுக்கு வெளியே போய்விட்டாள். புரோகிராமே இல்லாமல் பழைய நோட்டாக இருந்திருந்தால் ஒருவேளை அவள் பெயர் ஏதாவது ஒரு வரியில் இருந்திருக்கும். இதை நான் சொல்லவில்லை, அவரே சொன்னார்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அந்த நேரத்தில் எனக்கு வள்ளித்தாய் ஞாபகம் வரவில்லை, ஜெபிஷாவின் படிப்புதான் ஞாபகம் வந்தது. இது வெளியே போனால் ஒரு கம்பெனியும் இவரை வாசலில் சேர்க்காது. ஐம்பத்தொரு வயதில் இவரை யார் வேலைக்கு எடுப்பார்கள்? யோசித்துச் செய்யுங்கள் என்றேன். வார்டில் அவள் பிடித்த கையை மேஜைக்குக் கீழே வைத்துக்கொண்டு அப்படிச் சொன்னதை நினைத்தால் இன்றைக்கும் கூசுகிறது.

அவர் யோசிக்கவில்லை. திங்கட்கிழமை பஸ் ஏறிப் போய் விசாரணை அதிகாரியிடம் எல்லாவற்றையும் கொடுத்துவிட்டு வந்தார். கூடவே, முதலில் போட்ட கையெழுத்து என்னுடையதுதான், அது பாதிதான் உண்மை என்று ஒரு பக்கம் எழுதியும் கொடுத்தார். அன்றைக்கே பிரபாகரன் போன் செய்து, எங்க சோத்தைத் தின்னுட்டு எங்களுக்கே இப்படியா என்று கேட்டார். மாதம் முடிவதற்குள் பதினோரு கம்பெனியில் ஒன்பது போய்விட்டது. காலையில் போன் அடிக்காமல் அவர் பல் தேய்ப்பதைப் பார்க்க எனக்குப் பழக்கமில்லாமல் இருந்தது. ஆனால் வள்ளித்தாய் பெயர் பட்டியலில் ஐந்தாவதாக ஏறியது. அவள் பிள்ளைகளுக்குச் சேர வேண்டியதைக் கொடுக்கச் சொல்லி உத்தரவும் வந்தது.

அதற்கடுத்த ஞாயிறு, நாங்கள் ஆராதனை முடிந்து வந்து சாப்பிட்டு எழுந்த நேரத்தில் சீனிச்சாமி வீட்டுக்கு வந்தார். கையில் ஒரு சீப்பு வாழைப்பழம். நாற்காலியில் நுனியில் உட்கார்ந்தார். நன்றி சொல்லத்தான் வந்திருந்தார், சொல்லியும் முடித்தார். அப்புறமும் எழுந்திருக்கவில்லை. அவள் பெயர் இருக்கிற அந்த இடத்தை ஒரு தடவை பார்க்க முடியுமா என்று கேட்டார்.

இவர் லேப்டாப்பைத் திறந்து, விரலை வைத்து வாசித்துக் காட்டினார். ஏற்கவில்லை என்றால் என்ன என்று சீனிச்சாமி கேட்டார். அந்த அறையில் இடமில்லை, அவர்களை உள்ளே உட்கார வைக்கக் கூடாது என்று மிஷின் சொல்கிறது என்றார் இவர். சீனிச்சாமி திரைக்குக் கிட்டே குனிந்தார்.

“மொத மொத எப்ப சார் அவ பேர எளுதுச்சு?”

இவர் தேடிப் பார்த்து, நாலு வருஷத்துக்கு முன்னால், தை மாதம் என்றார்.

“நாலு வருசமா எளுதி எளுதி வச்சிருக்கு,” என்றார் சீனிச்சாமி. குரலில் கோபம் இல்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். “யாரு பாக்கணும்னு சார் எளுதுச்சு?”

நான் சமையலறை வாசலில் தண்ணீர்ச் செம்போடு நின்றிருந்தேன். இவர் திரையிலிருந்து விரலை எடுத்தார்.

“நாந்தான் பாக்கணும்னு, அண்ணாச்சி,” என்றார்.