டிரைவரம்மாவும் நீலப் புகையும்

மைதானத்தில் அவளை எல்லோரும் டிரைவரம்மா என்றுதான் கூப்பிட்டார்கள். உட்கார்ந்து ஓட்டும் புல்வெட்டி வண்டிக்கு அவள்தான் ஓட்டுநர். கால்பந்துத் திடல், அதைச் சுற்றிய ஓட்டப்பாதையின் ஓரம், பார்வையாளர் மாடத்துக்குப் பின்னால் இருந்த சரிவு என்று அத்தனை புல்லும் அவள் பொறுப்பு. கணவன் இறந்த பிறகு இந்த வேலைக்கு வந்தவள். அதற்கு முன் என்ன செய்தாள் என்று யாரும் கேட்டதில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பாள். கல்யாணம் வரை அப்பாவின் பட்டறையில் அண்ணனோடு சேர்ந்து எஞ்சின் கழற்றியவள் அவள். இருவருக்கும் ஒரே ஸ்பேனர் பெட்டி. கல்யாணத்தோடு பெட்டி அண்ணனிடம் நின்றுவிட்டது. அப்பா போனதும் பட்டறையும் அப்படியே.

மைதானத்து இயந்திரங்களைப் பழுது பார்ப்பதும் அந்த அண்ணன்தான். வருவான், சூப்பர்வைசரோடு பேசுவான், தங்கையைப் பார்த்துத் தலையை ஆட்டிவிட்டுப் போவான்.

மழைக்காலம் முடிந்து புல் மதமதவென்று வளர்ந்திருந்த நேரத்தில் வண்டி புகைய ஆரம்பித்தது. முதலில் ஸ்டார்ட் செய்யும்போது மட்டும் லேசாக. பிறகு சரிவில் ஏறும்போதெல்லாம் நீலமாக, எண்ணெய் கருகும் வாடையோடு. ஊற்றிய ஆயில் எங்கே போகிறதென்றே தெரியவில்லை. கீழே ஒரு சொட்டு ஒழுகவில்லை, ஆனால் ஆயில் அளவுகோலை உருவிப் பார்த்தால் குறிக்குக் கீழே இறங்கியிருக்கும். பயிற்சிக்கு வந்தவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு சூப்பர்வைசரிடம் போய் நின்றார்கள்.

அண்ணன் வந்தான். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிப் பார்த்தான். எண்ணெயில் நனைந்து கரியாக இருந்தது. அந்த ஓட்டை வழியாகக் காற்றை ஏற்றினான். ஆயில் அளவுகோல் செருகும் குழாயில் காற்று புஸ்ஸென்று வந்தது.

"பிஸ்டன் ரிங் போச்சு சார். சிலிண்டரும் தேஞ்சிருக்கும். இதுக்கு மேல இதுல கை வெச்சுப் பிரயோஜனமில்ல," என்றான். கையைத் துடைத்துக்கொண்டே சேர்த்துச் சொன்னான்: "ஆயில் பாக்காம, சூடேற சூடேற ஓட்டினா எந்த எஞ்சின்தான் தாங்கும்?"

அவள் அங்கேயேதான் நின்றிருந்தாள். தினமும் காலையில் ஆயில் பார்த்துவிட்டுத்தான் சாவியைத் திருகுவாள் என்பது சூப்பர்வைசருக்கே தெரியும். ஆனால் அவர் மெக்கானிக்கின் முகத்தைத்தான் பார்த்தார்.

மறுநாள் வண்டியைக் கொட்டகைக்குள் தள்ளிவிட்டு, அவள் கையில் துடைப்பத்தைக் கொடுத்தார்கள். மாடத்துப் படிகளில் கிடந்த காகிதக் கோப்பைகளைக் கூட்டினாள். தெரிந்தவர்கள் பார்த்தும் பார்க்காததுபோல் போனார்கள். கூட்டக் கூட்ட அவள் மனம் அந்தக் காற்றுச் சத்தத்திலேயே நின்றது. பிஸ்டனைச் சுற்றியிருக்கும் ரிங் தேய்ந்தால் காற்று அந்த வழியாக வரும், சரி. ஆனால் மேல்மூடியான ஹெட்டுக்கும் சிலிண்டருக்கும் நடுவில் இருக்கும் கேஸ்கெட் தகடு எரிந்து போனாலும் அதே வழியாகத்தானே வரும்? கொட்டகைக்குப் போய் ஏர் ஃபில்டரைத் திறந்தாள். பிழிந்தால் எண்ணெய் சொட்டும் போலிருந்தது. உள்ளே அழுத்தம் கூடி, எண்ணெயை எஞ்சினின் மூச்சுக்குழாய் வழியாக மேலே ஃபில்டருக்குத் தள்ளுகிறது. அதைத்தான் எஞ்சின் உறிஞ்சிக் குடிக்கிறது.

சூப்பர்வைசரிடம் கேட்டாள். "எப்படியும் தூக்கிப் போடறதுதானே சார், நான் ஒருதடவ திறந்து பாக்கறேன்."

"எதையாவது பண்ணுங்கம்மா. கூட்டற வேலை நிக்கக் கூடாது."

வேலை முடிந்த பிற்பகல்களில் கொட்டகையில் உட்கார்ந்தாள். ஹெட்டைக் கழற்றியதும் எதையும் தேட வேண்டியிருக்கவில்லை. வால்வை இயக்கும் தண்டுகள் போகும் பள்ளத்துக்கும் சிலிண்டருக்கும் நடுவில் கேஸ்கெட் குறுகிய இடத்தில் கருகி அறுந்திருந்தது. சிலிண்டர் சுவரில் விரலை வைத்தாள். புதிதில் போட்ட குறுக்குக் கோடுகள் அப்படியே இருந்தன. ரிங்குக்கு ஒரு கேடும் இல்லை. சிரிப்புத்தான் வந்தது. பிறகு அந்தக் கேஸ்கெட் தகட்டைப் பெயர்த்துத் தனியே வைத்தாள்.

அண்ணன் அன்றைக்கு வேறு ஏதோ வேலையாக வந்தவன் கொட்டகை வாசலில் நின்றான். அவள் கருகிய தகட்டை அவன் முன் நீட்டினாள். அவன் வாங்கவில்லை.

"உனக்குத் தெரியாததில்ல, அண்ணா. ஏன் திறந்து பாக்கல?"

"நான் கழட்டுவேன். நீ பக்கத்துல நின்னு தப்பு பாப்ப. அப்பா இருந்தப்ப பாத்தியே, அதே மாதிரி," என்றான். "அவர் எதுக்கெடுத்தாலும் உன்னத்தானே கேப்பாரு."

"அதுக்காக என் கையில துடைப்பத்தக் குடுக்க வெச்சியா?"

அவன் போய்விட்டான்.

அவள் ஹெட்டின் அடியைக் கண்ணாடித் தகட்டில் ஒட்டிய உப்புத்தாளின் மேல் வைத்து, மேடு பள்ளம் போகத் தேய்த்தாள். புதுக் கேஸ்கெட் போட்டு, போல்ட்டுகளைக் குறுக்கும் நெடுக்குமாகக் கொஞ்சம் கொஞ்சமாக முறுக்கினாள். வால்வு இடைவெளியைச் சரிசெய்தாள். புது ஃபில்டர், புது ஆயில், குறி வரைக்கும்.

ஸ்டார்ட் செய்கிறாள் என்று கேள்விப்பட்டு சூப்பர்வைசர் வந்தார். யார் சொன்னார்களோ, அண்ணனும் வந்துவிட்டான். சாவியைத் திருகியதும் எஞ்சின் பிடித்துக்கொண்டது. பிடித்த கையோடு நீலப் புகை குபுகுபுவென்று கிளம்பியது.

"நான்தான் சொன்னேனே சார்," என்றான் அண்ணன்.

"சைலன்ஸருக்குள்ள தேங்கின பழைய எண்ணெய். எரிஞ்சு தீரட்டும்," என்றாள். எஞ்சினை அணைக்காமல் ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டாள்.

புகை வெளுத்தது, மெலிந்தது, கடைசியில் நின்றே போனது. எஞ்சின் மட்டும் சீராக ஓடிக்கொண்டிருந்தது. சரிவில் ஏற்றி இறக்கிக் காட்டினாள். ஒரு இழை புகை இல்லை.

சூப்பர்வைசர் திரும்பி அண்ணனின் தோளைத் தட்டினார். "பரவாயில்லையே, தங்கச்சிக்கு நல்லா வழிகாட்டிருக்கீங்க."

அண்ணன் மறுப்பான் என்று அவள் காத்திருந்தாள். அவன் தரையைப் பார்த்துக்கொண்டு, "கேஸ்கெட்டா இருக்கும்னு எனக்கும் ஒரு சந்தேகம் இருந்துச்சு சார்," என்றான்.

"எப்ப இருந்துச்சு?" என்றாள் அவள்.

"அண்ணன் தங்கச்சி சண்டைய வீட்ல வெச்சுக்கோங்க," என்று சிரித்துக்கொண்டே போனார் சூப்பர்வைசர்.

வீட்டில் அம்மாவுக்கு அதற்குள் அண்ணனிடமிருந்து போன் வந்திருந்தது. "அவன் நாலு இடத்துல பேரை வெச்சுப் பொழைக்கறவன். நீ விட்டுக்கொடுத்தா கொறஞ்சா போயிடுவ?" என்றாள் அம்மா, தட்டை வைத்தபடியே.

"இதுவரைக்கும் விட்டுக்கொடுத்ததெல்லாம் என்னம்மா?"

"சாப்பிடு, ஆறிடும்."

வண்டி அவளிடமே திரும்பி வந்தது. துடைப்பம் மாடத்துக்கடியில் சாய்ந்து கிடந்தது. மைதானத்தில் எல்லோரும், அண்ணன் கைபட்டதால் வண்டி பிழைத்தது என்றே பேசிக்கொண்டார்கள். முதலில் ஒவ்வொருவரிடமும் திருத்திச் சொன்னாள். "அப்படியா" என்பார்கள், அடுத்த வாரம் பழையபடியே சொல்வார்கள். பிறகு அவளும் விட்டுவிட்டாள்.

அண்ணன் வீட்டு வாசலை அவள் மிதிப்பதில்லை. அம்மாவை அங்கே கொண்டுபோய் விடும்போதுகூடத் தெருமுனையிலேயே நின்றுகொள்வாள். கொஞ்ச நாளைக்கு முன், வேறொரு மைதானத்துக் காவல்காரர் இங்கே வந்தபோது பேச்சுவாக்கில் சொன்னார்: "உங்க அண்ணன் கெட்டிக்காரர்மா. வண்டி புகையுதுன்னா மொதல்ல ஹெட்டத்தான் கழட்டறாரு. கேட்டா, அனுபவம்ங்கறாரு."

அவள் வண்டியைக் கியரில் போட்டு, சரிவை நோக்கித் திருப்பினாள்.