திங்கட்கிழமை முதல் அமலுக்கு வரும்

இன்ஜின் கோளாறு பற்றி ஏதாவது ஓர் ஆணை வந்துவிட்டால், இப்போதெல்லாம் அந்த நிமிஷமே ஃபோன் பண்ணிவிடுகிறேன். எதிர்முனையில் இருப்பவர் சாப்பிட்டுக்கொண்டிருக்கலாம், கோயில் வரிசையில் நிற்கலாம், எனக்குக் கவலையில்லை. "மெயில் போட்டா போதுமே மேடம்" என்று அலுத்துக்கொள்கிறார்கள். போதாது. ஏன் போதாது என்பதை எழுதத்தான் உட்கார்ந்தேன்.

என் வேலை என்னவென்று யாருக்கும் ஒரே தடவையில் புரிந்ததில்லை. விமானங்களின் ஆவணங்களைப் பார்த்துக்கொள்ளும் ஒரு சின்ன நிறுவனத்தில் இருக்கிறேன். ஓர் இன்ஜினில் குறை இருப்பது தெரிந்தால், அது தயாரான நாட்டின் விமானத்துறை ஓர் ஆணை போடும். இந்த எண்ணிலிருந்து இந்த எண் வரை உள்ள இன்ஜின்களில் இன்ன பாகத்தை மாற்றாமல் ஓட்டக் கூடாது, இந்தத் தேதியிலிருந்து அமல், என்று இருக்கும். ஏ.டி. என்போம் அதை. அது எங்கள் வாடிக்கையாளர் யாருக்காவது பொருந்துமா என்று பார்த்து, பொருந்தினால் அவர்களுக்கு எழுதி, பாகத்தை மாற்றிவிட்டார்களா என்று துரத்துவது என் பிழைப்பு. எங்கள் அடுக்குமாடிச் சங்கத் தலைவர் பதினோரு வருஷமாக என்னை ஏர்ஹோஸ்டஸாக இருந்து ஓய்வு பெற்றவள் என்றே நினைத்துக்கொண்டிருக்கிறார். என் முகத்தைப் பார்த்தும் அப்படி ஒருவர் நினைக்க முடிகிறதே என்று விட்டுவிட்டேன்.

அடையாறில் எங்களுக்கு ஓர் அலுவலகம் இருந்தது. கீழே மருந்துக்கடை, மேலே நாங்கள் ஆறு பேர். மதியம் ஆறு டப்பாக்களும் ஒரே மேஜையில் திறக்கும். பிறகு வீட்டிலிருந்தே வேலை பார்க்கலாம் என்று கண்டுபிடித்தார்கள், அலுவலகத்தை மூடினார்கள். எல்லோரும் சந்தோஷப்பட்டார்கள். நானும் சந்தோஷப்பட்ட மாதிரி கையைத் தட்டினேன்.

அபிராமபுரத்தில் இரண்டாவது மாடியில் என் வீடு. நான் ஒருத்திதான். கல்யாணம் ஆகவில்லை, அண்ணன் அசோக் நகரில் இருக்கிறான், தீபாவளிக்கும் பொங்கலுக்கும் உண்டு. அலுவலகம் மூடிய பிறகுதான் ஒரு விஷயம் தெரிந்தது: ஒரு மனுஷி மூன்று நாள் வாயைத் திறக்காமலே சென்னையில் இருந்துவிடலாம். பால் வாசல் பையில் விழுகிறது. மளிகை மொபைலில் வருகிறது, கொண்டுவரும் பையன் மணியை அடித்துவிட்டு லிஃப்ட் மூடுவதற்குள் போய்விடுகிறான். கபாலி கோயிலுக்குப் போனால் அர்ச்சனைச் சீட்டுக்காரர் விரலை நீட்டுகிறார், நானும் ஒரு விரலை நீட்டுகிறேன். முடிந்தது பேச்சு. தனிமை என்றால் ஏதோ பெரிய துக்கம் என்று நினைத்திருந்தேன். தொண்டை கட்டிக்கொள்வதுதான் அது, எனக்கு.

நான் பார்த்துக்கொள்ளும் விமானங்களின் பட்டியலில் கடைசியாக ஒரு மோட்டார் கிளைடர் இருந்தது. வேறு மாநிலத்தில், ஊருக்கு வெளியே ஒரு மண் ஓடுதளம், அங்கே ஒரு சின்னப் பறக்கும் கிளப். நீளநீளமான இறக்கை வைத்த இரண்டு இருக்கை வண்டி அது. முதுகில் ஒரு கம்பத்தின் மேல் இன்ஜின் எழுந்து நின்று வண்டியை மேலே ஏற்றிவிடும். உயரம் போனதும் இன்ஜினை அணைத்து உள்ளே மடக்கிவிட்டு, வெறும் காற்றில் மிதக்கலாம். கேட்பவர்கள், இன்ஜின் நின்றாலும் மிதக்கிற வண்டிக்கு என்ன பயம் என்பார்கள். தரையை விட்டு எழும்பின உடனே, கம்பம் வெளியே நிற்கும்போது இன்ஜின் நின்றுவிட்டால் தெரியும் பயம். மெரினாவில் எதிர்க்காற்றில் விரித்த குடையோடு ஓடுவது மாதிரி அது. மடக்கவும் நேரமிருக்காது.

அந்த வண்டிக்கு ஒரே ஒரு மெக்கானிக். நம்ம ஊர்க்காரன். அடையாற்றங்கரைக் குடிசையில் பிறந்து, கரையைக் காலி செய்தபோது அம்மாவோடு பெரும்பாக்கத்துக்கு அனுப்பப்பட்டு, எங்கெங்கோ வேலை கற்று அங்கே போய்ச் சேர்ந்தவன். முப்பத்தைந்து வயதிருக்கும். நேரில் பார்த்ததே இல்லை. அங்கே அவனுக்குத் தமிழ் பேச ஆளில்லை, இங்கே எனக்கு எந்த மொழியிலும் ஆளில்லை. ஒவ்வொரு சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கும், இன்ஜின் எத்தனை மணி நேரம் ஓடியது என்று சொல்ல ஃபோன் பண்ணுவான். மெயிலில் அனுப்பினாலே போதும். நான் அதை அவனிடம் சொன்னதில்லை.

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. இன்ஜின் எண்ணைப் பதிவேட்டைப் பார்த்துச் சொல்லக் கூடாது. யாராவது இன்ஜினை மாற்றிப் போட்டிருந்தால் பதிவேட்டில் பழைய எண்ணே இருக்கும். இன்ஜினிலேயே அடித்திருக்கும் தகட்டைப் பார்த்து ஒவ்வோர் இலக்கமாக வாசிக்க வேண்டும். கேட்பவர் திருப்பிச் சொல்ல வேண்டும். வாசித்தவர் சரியென்று சொல்ல வேண்டும். மூன்றும் நடந்தால்தான் பதிவு.

"ரெண்டு... ஏழு... ஏழு... நாலு... ஒம்போது" என்பான்.

நான் திருப்பிச் சொல்வேன்.

"கரீட்டு" என்பான். அதற்குப் பிறகுதான் பேச்சு ஆரம்பிக்கும். "இன்னாக்கா, அங்க மழ கீதா? பஜாருல சாக்கு கட்டி மறைச்சிக்கினு கீறாங்களே, மெட்ரோ வேல, முடிஞ்சிச்சா?" நான் லஸ் முனையில் எந்தக் கடை எந்தப் பக்கம் தள்ளிப் போயிருக்கிறது என்று சொல்வேன். அவனுக்குச் சொல்வதற்காகவே வெள்ளிக்கிழமை சாயங்காலம் தி. நகர் வரை போய்ப் பார்த்துவிட்டு வந்திருக்கிறேன். நான் "சொல்லுங்கோ" என்றால் அவனுக்குச் சிரிப்பு வரும். "நீ வா போன்னே சொல்லுக்கா. 'கோ' போட்டா யாரோ பின்னாடி நிக்கிற மாரி கீது" என்பான். நீ என்று சொல்ல எனக்கு ஒரு வருஷம் ஆயிற்று.

வியாழனிலிருந்து பேசாத தொண்டை சனிக்கிழமை கரகரவென்றுதான் வரும். அதனால் எட்டரைக்கே வெந்நீர் குடித்துவிட்டு, பால் பாக்கெட்டில் அச்சடித்திருப்பதை உரக்க வாசித்துப் பார்ப்பேன். யாராவது பார்த்திருந்தால் கீழ்ப்பாக்கம் மனநல ஆஸ்பத்திரிக்கு வண்டி கூப்பிட்டிருப்பார்கள்.

அந்த ஏ.டி. ஒரு வியாழக்கிழமை மதியம் வந்தது. இன்ஜினுக்குப் பெட்ரோல் கொண்டுபோகும் ரப்பர் குழாய், சூட்டில் இறுகி வெடிக்கிறது. பெட்ரோல் ஒழுகலாம், இன்ஜின் நிற்கலாம், தீப்பிடிக்கலாம். குழாயை மாற்றாமல் இன்ஜினை இயக்கக் கூடாது. திங்கட்கிழமை முதல் அமலுக்கு வரும். கீழே இன்ஜின் எண்கள், எதிலிருந்து எது வரை. நான் கோப்பைத் திறக்கவே இல்லை. கிளைடர் இன்ஜினின் எண் எனக்கு என் ஃபோன் நம்பரைவிட நன்றாகத் தெரியும். அது நடுவில் இருந்தது.

அமல் தேதியன்று காலையில்தான் கடிதம் அனுப்புவது எங்கள் நிறுவனத்தின் பழக்கம். முன்கூட்டியே சொன்னால், "நாலு நாள் ஓட்டியிருப்போமே, ஏன் நிறுத்தினீர்கள்" என்று வாடிக்கையாளர்கள் சண்டைக்கு வருவார்கள். விதிப்படி அதில் தப்பில்லை. ஆனால் நான் அந்தப் பழக்கத்தை மதித்தவள் இல்லை. அடையாறு அலுவலகத்தில், ஒரு ஹெலிகாப்டர் ஆணையை இரண்டு நாள் மேஜையில் வைத்திருந்த பையனை எல்லார் முன்னாலும் வாங்கு வாங்கென்று வாங்கியிருக்கிறேன். அவன் மறுநாள் டப்பாவைக் கொண்டுபோய்த் தனியாகச் சாப்பிட்டான்.

இந்த ஆணையை மட்டும் நான் வைத்துக்கொண்டேன்.

காரணத்தைச் சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். அந்தக் குழாய் வெளிநாட்டிலிருந்து வர வேண்டும், மாதக்கணக்கில் ஆகும். "வண்டி நின்னா என்ன வேற ஃபீல்டுக்கு அனுப்பிடுவாங்கக்கா" என்று அவன் முன்பே சொல்லியிருக்கிறான். வண்டி நின்றால் மணிக்கணக்கு இல்லை, எண் வாசிப்பது இல்லை, சனிக்கிழமை இல்லை. விதி எனக்குத் திங்கட்கிழமை வரை நேரம் கொடுத்திருந்தது. இன்னும் ஒரே ஒரு சனிக்கிழமை வேண்டும் என்று ஆசைப்பட்டேன். அவ்வளவுதான். மூன்று வருஷமாக அந்த வண்டி ஒழுங்காகத்தானே ஓடுகிறது, இன்னும் மூன்று நாள் ஓடாதா என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

சனிக்கிழமை ஒன்பது மணிக்கு ஃபோன் வந்தது. எண்ணை வாசித்தான், திருப்பிச் சொன்னேன், கரீட்டு என்றான்.

"யக்கா, ஒரு மேட்டர். நாளிக்கி நானே ஏறிக்கினு போறேன்."

"எங்கே?"

"மேலதான். இத்தினி வருசமா தொடச்சிக்கினே கீறியே, ஒரு வாட்டி வாடான்னு பைலட் கூப்ட்டாரு. பின்சீட்டு. அம்மாவாண்ட சொல்லல, பயந்துரும். உன்னாண்டதான் சொல்றேன்."

ஆணை எதிரே திரையில் திறந்தே இருந்தது. சொல்ல வாயெடுத்தேன். வந்தது வேறு.

"பெட்ரோல் வாசனை ஏதாவது வர்றதா பாத்தியா?"

"பெட்ரோல் இன்ஜின்ல பெட்ரோல் வாசன வராம மல்லிப்பூ வாசனையா வரும்?"

சிரித்தான். நானும் சிரித்தேன். வெட்கத்தோடு எழுதுகிறேன், அந்தக் கேள்வியைக் கேட்டதிலேயே எச்சரித்துவிட்டதாக நினைத்துக்கொண்டேன். பிறகு அரை மணி நேரம் பேசினோம். கொட்டிவாக்கம் கடற்கரையில் ஒரு கடையில் வஞ்சிரம் வறுவல் அப்படி இருக்கும் என்றான். நான் மீன் சாப்பிட மாட்டேன் என்று தெரிந்தே, ஊருக்கு வந்தால் கூட்டிப்போகிறேன் என்றான். சரி என்றேன். சந்தோஷமாக இருந்தது.

திங்கட்கிழமை காலை சரியாக ஒன்பது மணிக்கு, அன்றைய தேதி போட்ட கடிதத்தை அனுப்பினேன். இருபது நிமிஷத்தில் கிளப்பிலிருந்து பதில். நேற்றுக் காலை புறப்பட்ட உடனே இன்ஜின் நின்றுவிட்டது. ஓடுதளத்துக்கு அப்பால் நிலக்கடலை வயலில் இறங்கி, வரப்பில் மோதி ஓர் இறக்கை முறிந்தது. பெட்ரோல் கொட்டியும் தீப்பிடிக்காதது அதிர்ஷ்டம். பைலட்டுக்குக் காயமில்லை. பின்னால் இருந்த மெக்கானிக்குக்கு வலது மணிக்கட்டு எலும்பு இரண்டு இடத்தில் முறிந்துவிட்டது, விரல்கள் பழையபடி வேலை செய்யுமா என்று போகப்போகத்தான் தெரியும். கடைசி வரி: தங்கள் ஆணை கிடைத்தது, நன்றி.

விசாரணைக்காக எங்கள் ஆவணங்களைக் கேட்டார்கள். ஆணை எனக்கு வியாழக்கிழமையே வந்ததை மறைக்காமல் எழுதிக் கொடுத்தேன். யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அமல் தேதியன்றே அனுப்பியிருக்கிறேன், எல்லாம் விதிப்படி, பதிவுகள் மிகவும் நேர்த்தி என்று மேலதிகாரி பாராட்டி எழுதினார். என்னை யாராவது திட்டினால் தேவலை என்று இருந்தது. திட்டுவதற்கும் ஒரு ஆள் வேண்டுமே.

அந்த வாரம் சனிக்கிழமை நான் வெந்நீர் போடவில்லை, பால் பாக்கெட்டை வாசிக்கவில்லை. ஒன்பது மணிக்கு ஃபோன் அடித்தது.

"இடது கையாலதான் அமுக்குனேன், அதான் லேட்டு" என்றான். ஒரு நிமிஷம்கூட லேட் இல்லை.

"எப்படிப்பா இருக்கே?" என்றேன். குரல் கரகரத்தது.

"கீறேன்." என்றான். "யக்கா, அந்தப் பேப்பர் உனக்கு எப்ப வந்துச்சு?"

கடிதத்தில் திங்கட்கிழமைத் தேதிதான் இருந்தது. திங்கள் என்றால் நம்பியிருப்பான். நம்ப விரும்பித்தான் கேட்கிறான் என்று எனக்குத் தெரிந்தது.

"வியாழக்கிழமை" என்றேன்.

அவன் பின்னால் ஏதோ தகரம் காற்றில் அடித்துக்கொள்ளும் சத்தம் கேட்டது.

"சனிக்கிழம பேசினோமே, யக்கா."

ஏன் என்று கேட்பான், சொல்லிவிடலாம் என்று காத்திருந்தேன். அவன் கேட்கவில்லை.

"வண்டிய மூட்ட கட்டி வக்கணுமாம், கடைசியா ஒரு வாட்டி நம்பர் எழுதணும்னாங்க" என்றான். "எழுதிக்கோங்கோ, மேடம்."

ரெண்டு, ஏழு, ஏழு, நாலு, ஒம்போது என்று ஒவ்வொன்றாக வாசித்தான். தகட்டைப் பார்த்துத்தான் வாசித்திருப்பான், அவன் வேலையில் அப்படி. நான் திருப்பிச் சொன்னேன். நாலுக்கு அப்புறம் குரல் நின்றுவிட்டது. ஒன்பது சொல்லி முடிக்கும் வரை அவன் பொறுத்திருந்தான். பிறகு ஃபோனை வைத்துவிட்டான்.

கரீட்டு என்று சொல்லவில்லை. வாசித்தவர் சொல்லாமல் பதிவு செய்ய முடியாது. பதிவேட்டில் அந்த ஒரு கட்டம் இன்னும் காலியாகத்தான் இருக்கிறது. ஏன் நிரப்பவில்லை என்று அலுவலகத்திலிருந்து மாதாமாதம் கேட்டு மெயில் வருகிறது.